சட்டியில் இருந்தால்தானே!

கேள்வி: போன் நம்பர்கூடக் கேட்காமல், ஈமெயில் வழியாகவே ரகசியமாகச் சாட் செய்யலாமாமே, டெல்டா சாட் என்ற செயலியில்? பழைய கள், புதிய மொந்தைதானே இது?

பதில்: இல்லை, இங்கே மொந்தைதான் பழசு, கள் புதுசு! ஈமெயிலைச் சர்வர் விட்டுச் சர்வர் கடத்தும் எஸ்.எம்.டி.பி. முறை 1982-ல் வந்தது. அதற்கு முதலாளி கிடையாது. ஜிமெயில்காரர் யாஹூகாரருக்கு எழுத யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. வாட்ஸ்அப்பிலிருந்து சிக்னலுக்கு ஒரு ‘வணக்கம்’ அனுப்பிப் பாருங்கள், போகாது.

டெல்டா சாட் அந்தப் பழைய தடத்தில்தான் ஓடுகிறது. என் நண்பர் தன் போனை நீட்டினார். திரையில் இருந்த க்யூஆர் கோடை நான் ஸ்கேன் செய்தேன். செய்தியைப் பூட்டும் சாவி கைமாறிவிட்டது. அதன்பின் அவர் எழுதுவது அவர் போனிலேயே பூட்டப்பட்டு, என் போனில்தான் திறக்கிறது. நடுவில் நிற்கும் சர்வருக்குக் கிடைப்பது தலைகால் புரியாத எழுத்துக் குவியல்.

2020-ல் ரஷ்யாவின் கண்காணிப்பு அமைப்பான ரோஸ்கோம்நாட்ஸர், பயனர் விவரங்களைத் தரச்சொல்லி டெல்டா சாட்காரர்களைக் கேட்டது. எங்களிடம் சர்வரே இல்லையே என்று பதில் போனது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! இப்படி ஒரு பதிலைச் சொல்ல முடிகிற அமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

குறையும் உண்டு. கடிதத்தைப் படிக்க முடியாவிட்டாலும், எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போகிறது என்பது சர்வருக்குத் தெரியும். திறக்கும் சாவி உங்கள் போனில் இருப்பதால், போன் தொலைந்தால் அதுவும் போச்சு. நிறுவிய அன்றே ஒரு பேக்கப் எடுத்து வைத்துவிடுங்கள்.