இரவில் வெளியே கிடக்கும் உப்பு மூட்டை: குப்பத்து மளிகைக் கடைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஊர்க்கடை எது, கம்பெனிக் கடை எது என்று கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகையைப் படிப்பவர்கள் உண்டு. கல்லாவில் இருப்பவர் முதலாளியா சம்பளக்காரரா என்று முகத்தை ஆராய்பவர்களும் உண்டு. இரண்டும் நம்பத்தகாத சான்றுகள். பத்தடிக்குப் பத்தடி அறையின் நெற்றியில் ‘சூப்பர் மார்க்கெட்’ என்று எழுதிவைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. முதலாளியைவிடக் கறாராகப் பேசும் சம்பளக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. இக்கட்டுரை முன்வைக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. ராத்திரி ஷட்டரை இறக்கிப் பூட்டியபின் கல்லுப்பு மூட்டை எந்தப் பக்கம் இருக்கிறது? வெளியே, படியோரம் கிடந்தால் அது ஊர்க்கடை. உள்ளே போய்விட்டால், கடை எத்தனை சிறியதானாலும் சரி, மனத்தளவில் அது கம்பெனிக் கடைதான்.

ஆய்வுக் களமாகக் குப்பத்தை எடுத்துக்கொண்டது தற்செயல் அல்ல. பெயரைக் கேட்டுக் கட்டுமரத்தைத் தேடி வருகிறவர் இங்கே ஏமாறுவார். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் தொட்டுக்கொண்டு, சென்னை–பெங்களூரு ரயில்பாதையில், கடல்மட்டத்துக்கு 600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது இந்த ஊர். அலைச் சத்தம் கேட்க வேண்டுமானால் 200 கிலோமீட்டருக்குக் குறையாமல் கிழக்கே போக வேண்டும். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே கல்லாவின் முன்னால் பேரம் பேசுகிற இடம். 1997இல் திராவிடப் பல்கலைக்கழகத்தை இங்கே நிறுவியவர்கள் ஒப்பிலக்கணத்துக்கு வாகான ஊர் என்று நினைத்திருக்கலாம். உப்பிலக்கணத்துக்கும் வாகான ஊர் என்பது அவர்கள் கவனத்துக்கு வந்திருக்காது. உப்பளமும் இல்லாமல் உப்புக்காற்றும் இல்லாமல் உப்பு மூட்டை மட்டும் இருக்கும் ஊரில்தான், மூட்டை வெளியே கிடப்பதற்கு இதுவரை சொல்லப்பட்டுவரும் காரணங்களை ஒவ்வொன்றாக உரசிப் பார்க்க முடியும்.

அந்தக் காரணங்களைச் சொல்பவர்களை மூன்று கட்சியாகப் பிரிக்கலாம். முதல் கட்சி ஈரவாதிகள். உப்பு நீர் கோத்துக்கொள்ளும், உள்ளே வைத்தால் தரை நசநசக்கும், தகர டின் துருப்பிடிக்கும், பக்கத்துச் சர்க்கரை பாழாகும் என்பது இவர்கள் வாதம். வேதியியல் இவர்கள் பக்கம் இருப்பதை மறைக்க முடியாது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சுத்தமான சோடியம் குளோரைடே கசியத் தொடங்கும்; கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே தண்ணீர் விட்டுவிடும். பெசன்ட் நகர் ஊரூர் குப்பத்தை ஒட்டிய கடைகளிலும் திருவான்மியூர்க் கடைகளிலும் இந்த விளக்கம் செல்லுபடியாகும். மலைமேட்டுக் குப்பத்தில், பங்குனி வெயிலில் காற்று வறண்டு உப்பு மொறமொறவென்று கிடக்கும்போதும் மூட்டை ஏன் வெளியே? பழக்கம் சரக்கோடு சேர்ந்து கடற்கரையிலிருந்து வந்தது என்று ஈரவாதிகள் மறுக்கலாம். உமணர்கள் உப்பு வண்டிகளை மாடு பூட்டி உள்நாட்டுக்கு ஓட்டிப்போனதைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன, உண்மைதான். ஆனால் உமணர் கூட்டம் வண்டியோடு சேர்ந்தே இரவைக் கழித்தது. மூட்டையைத் தெருவில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வது வேறு விதமான துணிச்சல்; அது கடலிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் கட்சி மலிவுவாதிகள். போனால் போகட்டும் என்று விடக்கூடிய விலை, போகட்டும் என்றாலும் தூக்க முடியாத எடை என்பது இவர்களின் இரட்டைச் சூத்திரம். துடைப்பமும்கூட விலை குறைந்த சரக்குதான். கடை அடைக்கையில் அது தவறாமல் உள்ளே போகிறது. பிண்ணாக்கு மூட்டையின் எடைக்கு உப்பு மூட்டை ஒன்றும் பெரிதாக விஞ்சிவிடாது. அதுவும் உள்ளே போகிறது. மலிவும் நிலையான குணமல்ல. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்ட கும்பினியோ, 1930இல் ராஜாஜியின் பின்னால் வேதாரண்யத்துக்கு நடந்தவர்களோ அதை அற்பப் பொருளாக நினைக்கவில்லை. 2016 நவம்பரில், பணமதிப்பிழப்பு அறிவித்த சில நாளிலேயே, உப்புத் தட்டுப்பாடு என்று ஒரு வதந்தி கிளம்பி டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஜனங்கள் கடைகளுக்கு ஓடினார்கள். மலிவென்பது வதந்தி வரும்வரைதான்.

மூன்றாம் கட்சி பாவவாதிகள். உப்பு லட்சுமி, பாற்கடலில் பிறந்தவளின் உடன்பிறப்பு, திருடினால் ஏழு தலைமுறைக்கும் கடன் தீராது என்பார்கள். கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. இங்கேதான் ஆய்வாளரைத் திணறடிக்கும் முரண் ஒன்று எதிர்ப்படுகிறது. பழைய பழக்கமுள்ள கடைக்காரர் விளக்கு வைத்த நேரத்துக்குப் பிறகு உப்பையும் ஊசியையும் காசு கொடுத்தாலும் தரமாட்டார். காலையில் வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். அதே மனிதர் ஒன்பதரை மணிக்கு அந்த உப்பையே காவலில்லாமல் தெருவில் விட்டுவிட்டுப் போகிறார். அதாவது ஏழு மணிக்கு விலைக்குக்கூட வெளியேறக் கூடாத லட்சுமி, பத்து மணிக்குச் சும்மாவே கிடக்கலாம். பாவவாதத்துக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் மாடு. அதற்கு ஏழு தலைமுறைக் கணக்கு தெரியாது, உப்பென்றால் உயிர். இரவு முழுக்க மூட்டையின் மூலையை நக்கிக்கொண்டு நிற்கும். கடைக்காரர் அதைக் காலையில் ஈரத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார். மறுநாளும் மூட்டை அங்கேதான் இருக்கிறது. தவிட்டை மாடு தின்றுவிடும் என்று உள்ளே இழுத்துப் போடுகிறவர் உப்பை மட்டும் ஏன் அதற்கு விட்டுவைக்கிறார் என்பதற்குப் பாவவாதிகளிடம் பதில் கிடையாது.

ஆக மூன்று காரணமும் தனித்தனியே தோற்கின்றன. இவற்றை ஒன்றாகக் கட்டினால் நிற்கும் என்று சமரசம் பேசுவோர் வரலாம்: ஈரத்தால் வெளியே வந்தது, மலிவால் பயமின்றிக் கிடந்தது, பாவத்தால் பத்திரமாக இருந்தது. வசதியான விளக்கம், ஆனால் கடையை மட்டும் பார்த்துத் தெருவை விட்டுவிடுகிறது. மூட்டை உண்மையில் ஒரு பிணைப்பொருள். கடைக்காரர் தன் நோட்டில் தெருக்காரர்களுக்குக் கடன் எழுதுகிறார். தெரு அவருக்கு என்ன எழுதிக் கொடுக்கிறது? ஒன்றுமில்லை. அதனால் அவர் ஒவ்வோர் இரவும் சரக்கில் மிகச் சிறிய பங்கைத் தெருவிடம் ஒப்படைத்து, காலையில் எண்ணிப் பார்க்காமலே திரும்ப வாங்கிக்கொள்கிறார். கணக்கு நேரானால் நோட்டிலுள்ள கடனும் வரும் என்பது அனுமானம். கம்பெனிக் கடையில் கடன் நோட்டு இல்லை. எனவே மூட்டையும் வெளியே இல்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, சேர்ந்தே மறைகின்றன.

எதிர்வாதங்களில் கவனிக்கத் தக்கது சுகாதாரத் துறையின் தரப்பு. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006 மே மாதம் முதல் தடை. அயோடினோ ஈரத்திலும் வெயிலிலும் குறைந்துபோகும் சரக்கு. மூட்டையைத் தெருவில் போட்டால் தெருவோடு போய்விடாதா? போகும். தடை வந்த காலத்துச் சட்டத்துக்கே அது தெரிந்திருந்தது: உற்பத்தி செய்யும் இடத்தில் பத்து லட்சத்தில் 30 பங்கு இருக்க வேண்டும், கடைக்கு வந்து சேர்ந்தபின் 15 இருந்தால் போதும் என்றது. மீதிப் பாதி வழிச் சேதாரம். அதில் ஒரு சிட்டிகை மாட்டுக்குப் போவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

கல்லுப்பும் இப்போது ஒரு கிலோ பாக்கெட்டாகி அலமாரிக்குப் போய்விட்டதே, அளவுகோலே காலாவதியாகவில்லையா என்பது கடைசிக் கேள்வி. பாக்கெட்டுகளும் பெரிய சாக்கில் கட்டித்தான் வருகின்றன, சாக்கு பல இடங்களில் இன்னும் படியோரம்தான் கிடக்கிறது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் வலுவான சான்று வேறொன்று இருக்கிறது. விடிகாலை நாலரை மணிக்குப் பால் வண்டி வந்து, பூட்டிய கடையின் முன்னால் பாக்கெட் அடுக்கிய பெட்டிகளை இறக்கிவிட்டுப் போகிறது. கடைக்காரர் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். பால் மலிவல்ல, கனமுமல்ல, ஒரு பாக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடலாம், பால் திருடினால் ஏழு தலைமுறைக்குக் கடன் என்று யாரும் சொன்னதில்லை. மூன்று கட்சிகளின் கொள்கைப்படியும் அந்தப் பெட்டி ஐந்து மணிக்குள் காலியாகியிருக்க வேண்டும். உப்பு ஓர் இரவு முழுவதும் கிடந்து சம்பாதிக்கும் நம்பிக்கைக்குப் பாலின் ஒரு மணி நேரம் ஈடாகுமா என்பதை மட்டும் இனிமேல் கணக்கிட வேண்டியிருக்கிறது. மாடு பாக்கெட்டை நக்காது என்பதால் கணக்கு சற்றுச் சுலபம்.