அப்பமும் வாழ்த்தும்

திருப்பலியில் குருவானவர் அப்பத்தை உயர்த்திச் சொல்லும் காணிக்கைச் செபம், யூதர்கள் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் வாழ்த்து மாதிரியே இருக்கிறதே! யாரைப் பார்த்து யார் எழுதியது?

இயேசு எந்த வீட்டுப் பிள்ளை?

யூத வீட்டுப் பிள்ளைதானே! அதனால் வேர் யூத வழிபாட்டில்தான். ஆனாலும் இந்தச் செபம் இப்போதைய வடிவத்துக்கு வந்தது அண்மையில்தான். திருத்தந்தை ஆறாம் பவுல் 1969-இல் அங்கீகரித்த திருப்பலி முறைக்காக, யூதர்களின் உணவு வாழ்த்தை முன்மாதிரியாக வைத்தே அதை அமைத்தார்கள். ஒரு வித்தியாசம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மண்ணிலிருந்து அப்பத்தை வரவழைக்கும் கடவுளைப் புகழ்வதோடு யூத வாழ்த்து முடிகிறது. கத்தோலிக்கச் செபம் மனித உழைப்பையும் சேர்த்துக்கொண்டது. உழுதவனும் மாவு பிசைந்தவளும் பீடம் ஏறிவிட்டார்கள்!

ஒற்றுமை அப்பத்தோடு சரியா?

பூசையில் 'தூயவர்' என்று மும்முறை பாடுகிறீர்களே, அது எசாயா 6-ஆம் அதிகாரத்தில் சேராபீன்கள் பாடுவது. யூதத் தொழுகைக்கூடத்திலும் கெதுஷா என்ற பகுதியில் அதுவே ஒலிக்கிறது. ஒவ்வொரு முறையும் குதிகாலை உயர்த்தி எம்புவார்கள். வானதூதரோடு பாடும்போது கால் தரையில் நிற்குமா?

இவ்வளவு நெருக்கம் இருந்தும் ஏன் பகை?

ஒரே வீட்டுப் பாகப்பிரிவினைதான் ஊர்ச் சண்டையைவிட உக்கிரமாக இருக்கும். இடைக்கால ஐரோப்பாவில் புனித வாரம் என்றாலே யூதக் குடும்பங்களுக்கு அச்சம். பெரிய வெள்ளி மன்றாட்டிலேயே அவர்களை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல் நூற்றாண்டுகளாக இருந்தது. 1959-இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் அதை நீக்கினார்.