ஏ.ஐ.யும் எம்-சாண்டும்

சிமென்ட் வாங்கவே கடன் வாங்கும் சின்ன கான்ட்ராக்டருக்கு ஏ.ஐ. ஒரு கேடா?

ஏ.ஐ.க்குக் காசு வேண்டாம், கணக்கு வேண்டும்! சிமென்ட், தண்ணீர், மணல், ஜல்லி முதலியவற்றின் அளவுகளை வைத்து கான்கிரீட்டின் வலிமையைக் கணிக்கும் நியூரல் நெட்வொர்க் ஆய்வை ஆய்வாளர் ஐ-செங் யே வெளியிட்டது 1998-இல். அவர் திரட்டிய 1,030 சோதனை விவரங்கள் இன்றும் இலவசம். இந்தக் கணிப்புக்குப் பழைய லேப்டாப்பே போதும்.

ஆனால் அந்த விவரங்களை நம் எம்-சாண்டுக்கு (பாறையை உடைத்துச் செய்யும் மணலுக்கு) அப்படியே நம்பக்கூடாது. நம் கலவையின் அளவுகளும், 28-ஆம் நாள் கியூப் டெஸ்ட் (வலிமைச் சோதனை) முடிவுகளும் வேண்டும். எத்தனை சைட்டில் அவற்றை நோட்டில் எழுதுகிறார்கள்? பெரிய கம்பெனிகள் செய்துகொள்ளும். சின்ன மேஸ்திரிகளுக்காக பாலிடெக்னிக்குகள் இந்தக் கணக்கைத் திரட்டித் தரலாமே!

அதுவரை ஒரு கேள்வி: உங்கள் சைட்டில் கலவைக்குத் தண்ணீரை அளந்து ஊற்றுகிறார்களா, ஹோஸ் பைப்பிலா?