தந்தி வந்து சேரும்

முதலில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பெரிய கும்பிடு. 1996 டிசம்பரில், டி.கே. பாசு வழக்கில், அது நாட்டுக்கு ஒரு நல்ல காரியம் செய்தது. போலீஸ் ஒருவரைப் பிடிக்கிறது. பிடிபட்டவரின் சொந்தக்காரர்கள் வேறு மாவட்டத்திலோ வெளியூரிலோ இருக்கிறார்கள். அப்படியானால் எப்போது பிடித்தோம், எங்கே பிடித்தோம், எங்கே வைத்திருக்கிறோம் என்பதை 8 முதல் 12 மணி நேரத்துக்குள் சட்ட உதவி அமைப்பு வழியாகவும் அந்தப் பகுதிப் போலீஸ் ஸ்டேஷன் வழியாகவும் அவர்களுக்குத் தெரிவித்துவிட வேண்டும். எதன் மூலம்? தந்தி மூலம்.

2013 ஜூலை 15 முதல் இந்தியாவில் தந்தி சேவை கிடையாது. நூற்று அறுபது வருஷத்துக்கு மேல் ஓடியதை இழுத்து மூடிவிட்டார்கள்.

கல்வராயன் மலையில் பலர் இன்னும் அந்தத் தந்தியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடு, சேலம் பக்கம் இறங்கினால் கருமந்துறை என்று எந்தப் பக்கம் போய், "ஊட்டுக்காரர் எங்கேம்மா?" என்று கேட்டாலும் ஒரே பதில் வரும்: "ஆந்திராவுக்குப் போயிருக்காரு." இந்த வாக்கியத்துக்கு மேல் யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. மழையை நம்பிக் கொஞ்சம் சாமை, கிழங்கு மில்லுக்குக் கொஞ்சம் மரவள்ளி, மிச்ச மாதங்களுக்கு மேஸ்திரியின் அட்வான்ஸ். கட்டட வேலை என்பார் மேஸ்திரி, கரும்பு வெட்டு என்பார். சேஷாசலம் காட்டுக்குள் இறக்கிவிட்டுக் கையில் கோடாரியைக் கொடுக்கும்போதுதான் எந்தக் கரும்பு என்று தெரியும். தெரிந்தே போகிறவர்களும் உண்டு. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. செம்மரம் வெட்டுவது குற்றம்தான். வெட்டச் சொன்னவன், லாரி அனுப்பியவன், துறைமுகத்தில் கண்டெய்னருக்கு முத்திரை குத்தியவன், கடல் தாண்டிக் காசு அனுப்பியவன் ஆகியோர் செய்ததும் குற்றம்தான். இவர்களில் யாருடைய மனைவி, புருஷன் எந்த ஜெயிலில் இருக்கிறான் என்று தெரியாமல் தவித்துப் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தாள் என்று யாராவது சொன்னால், நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

பிடிபட்ட கட்டைக்கு நடக்கும் மரியாதையைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டையையும் எடை போடுகிறார்கள், நீளம் சுற்றளவு அளக்கிறார்கள், எண் எழுதுகிறார்கள், பதிவேட்டில் ஏற்றி, காவல் போட்ட கிடங்கில் அடுக்குகிறார்கள். பிறகு தரம் பிரித்து மின் ஏலம் விடுகிறார்கள். ஏலத்தில் எடுத்தவர் முறையான காகிதத்தோடு அதை வெளிநாட்டுக்கே அனுப்பலாம். எந்தக் கட்டை, எந்தக் கிடங்கு என்று கேட்டால் அரசாங்கம் விரல் நுனியில் சொல்லும். அதே இரவில், அதே இடத்தில், அதே கட்டைக்குப் பக்கத்தில் பிடிபட்ட மனுஷனைப் பற்றிக் கேட்டால், "விசாரிச்சுச் சொல்றோம், அப்புறமா வாம்மா."

மலைக்குத் தந்தியே வரவில்லை என்று சொல்ல முடியாது. டீக்கடைக்குத் தினத்தந்தி வருகிறது. பல குடும்பங்களுக்கு முதல் தகவல் அறிக்கை அதுதான். அந்தப் போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வருஷம் மாறினாலும் அந்தப் போட்டோ மாறாது. முன்னால் கட்டைகள். நடுவில் சட்டை இல்லாமல் குத்துக்காலிட்ட ஆண்கள். பின்னால் நெஞ்சை நிமிர்த்திய அதிகாரிகள். கீழே, 'தமிழகத் தொழிலாளர்கள் இத்தனை பேர் கைது'. அதிகாரிகளின் பெயர்கள் இனிஷியலோடு இருக்கும். குத்துக்காலிட்டவர்களுக்கு எண்ணிக்கை மட்டும். மாமியாரும் மருமகளும் அந்தப் பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு, "இடதுகைப் பக்கம் மூணாவது ஆளு, தலையக் குனிஞ்சிருக்கிறது, நம்மாளு முதுகாட்டம் இருக்குது பாரு" என்று அடையாளம் காண வேண்டும்.

கைதானவர்களின் பெயரையும் விலாசத்தையும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே பலகையில் எழுதிப் போட வேண்டும் என்று 2010 முதல் சட்டமே இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டமும் அதை விடாமல் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பொறுப்பதிகாரி வை, டிஜிட்டலாகவும் காட்டு என்று மேலும் அழகுபடுத்தியிருக்கிறது. நல்ல ஏற்பாடு. கடப்பாவில் தெலுங்கில் தொங்கும் பலகையை வெள்ளிமலையில் இருந்து படிக்கத் தெரிந்தவர்களுக்கு ரொம்பவும் வசதி.

சரி, நாடு முன்னேறிவிட்டது, தந்தி போனால் என்ன, இ-முலாகாத் வந்துவிட்டது என்பீர்கள். வீட்டில் இருந்தபடியே பதிவு செய்து கைதியைப் பார்க்கலாம், வீடியோவிலும் பேசலாம். இதற்காக ஒரு பெண் மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

"இமெயில் ஐடி சொல்லுங்கக்கா."

"ஆதாரு இருக்குது தம்பி. ரேசன் கார்டு இருக்குது."

"சரி, என்னோடத போட்டுக்கிறேன். போன் நம்பரு?"

நம்பர் இருக்கிறது. வீட்டிலிருந்த ஒரே செல்போனின் நம்பர். அந்தப் போன் அவரோடு போனது. இப்போது அது வழக்குச் சொத்து. ஆந்திராவில் ஏதோ ஒரு ஸ்டேஷன் அலமாரியில் சீல் வைத்த பைக்குள் கிடக்கிறது. அரசாங்கம் அனுப்பும் ஓ.டி.பி. அரசாங்கத்தின் அலமாரிக்குள்ளேயே போய் மணியடிக்கும். தம்பி நல்லவன், தன் நம்பரையே போடுகிறான்.

"எந்த ஜெயிலுக்கா?"

"அது தெரியத்தான தம்பி வந்தேன்."

திரையில் பட்டியல் விரிகிறது. கடப்பா, நெல்லூர், ராஜமுந்திரி. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த கட்டம் திறக்கும். அவர் எந்தச் சிறை என்று தெரிந்தால் அவரைப் பார்க்கலாம். அதை அவளுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். இந்த முடிச்சைப் போட்டவர் யாராக இருந்தாலும் அவருக்குப் பத்ம விருதுக்குச் சிபாரிசு செய்கிறேன்.

1981இல் இதே உச்ச நீதிமன்றம், சிறையில் இருப்பவர் தன் குடும்பத்தைப் பார்ப்பது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. டெல்லி திகார் சிறையில் தடுப்புக்காவலில் இருந்த பிரிட்டிஷ் பெண் ஒருவர், தன் சின்ன மகளைப் பார்ப்பதற்காகப் போட்ட வழக்கு. பிரிட்டிஷ்காரிக்குத் திகாரில் கிடைத்த உரிமை இன்னாட்டுக்காரிக்கும் உண்டு. காகிதத்தில் எந்தக் குறையும் இல்லை. ராஜமுந்திரிக்குப் பஸ் செலவுதான் உரிமையில் சேரவில்லை. கள்ளக்குறிச்சியில் இருந்து அங்கே போக எண்ணூறு கிலோமீட்டர் வாக்கில் ஆகும். மலைக்காரியின் ஒரு வாரக் கூலி அங்கே போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடும்.

திருப்பதி வரை கவலையில்லை. அந்தப் பஸ்ஸில் கூட்டம் இருக்கும், மொட்டையடிக்கப் போகிற குழந்தைகள் இருக்கும், கோவிந்தா சத்தம் இருக்கும். பெருமாளின் ஏழு மலையும் அவள் புருஷன் பிடிபட்ட காடும் ஒரே சேஷாசலம்தான். ஏழுமலையானைப் பார்க்க எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று டோக்கனில் அடித்தே கொடுக்கிறார்கள். லட்சக்கணக்கான சனத்தைக் கடவுளிடம் வரிசையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்த நாட்டுக்கு, ஒரு பொம்பளையை அவள் புருஷனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியவில்லை.

அப்படியே போய்ச் சேர்ந்தாலும், மனுப் போட வேண்டும். சிறை வாசலில் எல்லாமே மனுதான். பார்ப்பதற்குப் பெயரே 'மனுப் பார்ப்பது'. ஆதாரில் உள்ள பெயரும், அங்கே தெலுங்கில் கேட்டு எழுதிய பெயரும் ஓர் எழுத்து மாறினால் போச்சு. வலைக்கு அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் இருபது குடும்பம், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். வக்கீலைப் பற்றிக் கேட்கலாமா, குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். பெரும்பாலும் "சாப்ட்டியா?" என்ற கேள்வியோடு முடியும்.

ஜாமீன் கதை தனி. வெளியூர்க்காரனுக்கு உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்பார்கள். 1978இல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு, அண்ணன் தம்பி சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஜாமீனை ஏற்க மறுத்தார் ஒரு மாஜிஸ்திரேட். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். மோத்தி ராம் தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. பரீட்சையில் கேட்பார்கள், கோர்ட்டில் கேட்கமாட்டார்கள். எப்படியோ ஆளைப் பிடித்து, கடனை வாங்கி, ஜாமீன் எடுத்து, சிறை வாசலில் காத்திருந்தால், இன்னொரு வழக்குக்கு அழைத்துப்போகும் பி.டி. வாரண்டோடு இன்னொரு ஜீப்பும் காத்திருக்கும். புருஷனை வாசலில் பார்க்கிறாள். அந்தப் பார்வைக்கு மட்டும் மனு தேவையில்லை.

2013 டிசம்பரில் திருமலைக் காட்டில் இரண்டு வன அதிகாரிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். கொடுமையான சாவு. அதற்குப் பதிலாகத் தமிழ்நாட்டுக் கூலிகளை நூற்றுக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் வழக்கு நடந்தது. 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உள்ளே போனபோது வயிற்றில் இருந்த பிள்ளை, திரும்பி வந்தபோது நடந்து வந்து, யார் இந்த ஆள் என்று கேட்டிருக்கும். அதிகாரிகளைக் கொன்றது யார் என்ற கேள்விக்கும் அந்தத் தீர்ப்போடு பதில் கிடைத்துவிடவில்லை. அந்த இரண்டு வீட்டுக்கும் நியாயமில்லை, இந்த நூற்றுக்கணக்கான வீட்டுக்கும் நியாயமில்லை. சமத்துவம் என்பது இதுதான் போலிருக்கிறது.

சிறை கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள் என்று மலையில் ஒரு நினைப்பு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலை, சித்தேரி மலைக்காரர்கள் பெரும்பாலும். கூட வந்தவர்களைப் பஸ்ஸில் இருந்து இறக்கிக் கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து சடலங்கள் மிதந்தன. ஐவரும் கருமந்துறைப் பக்கத்துக் கல்வராயன் மலைக்காரர்கள். அந்தச் சமயங்களில் மட்டும் தகவல் வேகமாக வந்தது, விலாசமும் சரியாக இருந்தது. சடலத்தை ஒப்படைக்க இ-முலாகாத் கிடையாது.

ஆந்திராவை மட்டும் திட்டிவிட்டு நம் அரசைத் தப்பவிட்டால் பாவம் பிடிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அது மெத்தனால், மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சுவது அல்ல. உடனே போலீஸ் எங்கே ஏறியது? மலைக்கு. பேரல் பேரலாக ஊறல் அழிப்பு, லிட்டர் கணக்கோடு செய்தி. ஊறலின் லிட்டர் தெரிந்த அளவுக்கு, பிடித்துக்கொண்டு போன ஆள் கடலூர் சிறையா சேலம் சிறையா என்று வீட்டுக்குத் தெரியாது. 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் கிடந்த மலை இது. அதற்குப் பிறகும் இங்கே என்னதான் செய்தீர்கள் என்று, சாராயச் சாவுக்கு அப்புறம், சென்னை உயர் நீதிமன்றமே தானாக வழக்கெடுத்து, முதல்வரோ அமைச்சரோ ஒருமுறை போய்ப் பார்க்கலாமே என்று கேட்க வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் ஏறாத பாதையில் போலீஸ் வேன் மட்டும் எப்படி ஏறுகிறது என்பதைப் பொறியியல் கல்லூரிகள் ஆராய வேண்டும்.

இதையெல்லாம் சிறைக்குள் இடமில்லை, ஆளில்லை, வசதியில்லை என்று சமாளிக்காதீர்கள். பெங்களூர் பரப்பன அக்ரஹாரா சிறையில் முக்கியக் கைதி ஒருவருக்குத் தனிச் சமையலறையே ஓடியதாக 2017இல் அங்கே சிறைத்துறை டி.ஐ.ஜி.யாக இருந்த ரூபா அறிக்கை எழுதினார். பெரிய மனுஷர் ஒருவர் புழலுக்குள் போனால், காலையில் இட்லி சாப்பிட்டாரா பொங்கல் சாப்பிட்டாரா என்று மதியச் செய்தியில் வந்துவிடுகிறது. சிறைச் சுவருக்கு எவ்வளவு காது!

ஆனால் 2013இல் ஓர் அதிசயம் நடந்தது. தந்தியை மூடுவதற்கு ஐந்து நாள் முன்னால், ஜூலை 10 அன்று, உச்ச நீதிமன்றம் இன்னொன்று சொல்லிவிட்டது: சிறையில் இருப்பவருக்கு ஓட்டுரிமை இல்லை, ஆகவே அவர் தேர்தலில் நிற்கவும் முடியாது. நாடாளுமன்றம் பதறிப்போய், அந்த செப்டம்பருக்குள் சட்டத்தைத் திருத்தியது. இப்போது உள்ளே இருப்பவர் ஓட்டுப் போட முடியாது, போட்டியிடலாம். (தடுப்புக்காவல் என்றால் மட்டும் தபால் ஓட்டு உண்டு. விசாரணைக் கைதிக்கு இல்லாத உரிமை குண்டர் சட்டக் கைதிக்கு இருக்கிறது, விரும்புகிறவர்கள் குண்டராகலாம்.) நின்று போன தந்திக்கு மாற்றாக டி.கே. பாசு விதியில் ஒரு வரி சேர்க்க யாரும் பதறவில்லை.

ஆகவே மலைக்காரிகளுக்கு என் யோசனை: அலையாதீர்கள். அடுத்த தேர்தலில் அவரை நிற்க வையுங்கள். வேட்பாளர் என்றால் பிரமாணப் பத்திரம் உண்டு. என்ன வழக்கு, என்ன எண், எந்த ஸ்டேஷன், எந்த கோர்ட் என்று எல்லாவற்றையும் எழுதி வாங்கி, தேர்தல் ஆணையமே உலகம் பூராவும் பார்க்க இணையத்தில் ஏற்றிவிடும். உறுதிமொழி எடுக்க வைக்கச் சிறை சூப்பிரண்டே முன்னால் வந்து நிற்பார். சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000 ரூபாய், பழங்குடியினருக்கு 5,000. ராஜமுந்திரிக்கு இரண்டு பேர் இரண்டு தடவை போய் வந்து, வக்கீலுக்கும் கொடுப்பதோடு ஒப்பிட்டால் கொள்ளை மலிவு. சலுகைக்கு எஸ்.டி. சான்றிதழ் கேட்பார்கள். அதற்குத் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.