புள்ளி ஒன்பது ஐந்து கல்லூரி

தமிழ்நாட்டில் 38 மாவட்டம், 36 அரசு மருத்துவக் கல்லூரி. 2022 ஜனவரி 12 அன்று பிரதமர் ஒரே மூச்சில் 11 கல்லூரிகளைக் காணொலியில் திறந்துவைத்தபோது வந்த கணக்கு. வகுத்தால் மாவட்டத்துக்கு 0.95. நான் தென்காசிக்காரன். எங்கள் பங்குக்கான அந்தப் புள்ளி ஒன்பது ஐந்தைச் சீசன் முடிந்த குற்றாலத்தில் பாறை பாறையாகத் தேடிவிட்டேன். அருவியின் பொங்குமாகடல் பள்ளத்தில் விழுந்து முங்கிவிட்டதோ என்னவோ.

சராசரியை நம்பாதே, இடைநிலையைக் கேள் என்பார்கள் படித்தவர்கள். கேட்டேன். மாவட்டங்களைக் கல்லூரி எண்ணிக்கைப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் கையில் ஒன்று. முகடு? பெரும்பாலோர் கையிலும் ஒன்றுதான். பாடப்புத்தகத்து அளவைகள் மூன்றும் ஒரே குரலில் சத்தியம் செய்கின்றன. மலை முகட்டின் அடியிலேயே குடியிருக்கும் எங்களிடம் சுழியம். சென்னைக்கு நான்கு. மயிலாடுதுறை, பெரம்பலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், காஞ்சிபுரம் எல்லாம் எங்களோடு கடைசிப் பந்திக்கு இலை பார்த்து நிற்கின்றன. 2019 நவம்பர் 22இல் எங்களைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். கலெக்டர் வந்தார், பலகை வந்தது.

நிலைமை மோசமானால் இன்றும் காதில் விழுவது ஒரே வாக்கியம்: "ஐகிரவுண்டுக்குக் கொண்டு போயிருங்க." ஐகிரவுண்டு என்றால் திருநெல்வேலி அரசு மருத்துவமனை; பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மூச்சு முட்டுகிறவருக்கு ரெபர் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் கணக்கில் ஒரு நோயாளி குறைந்தார்.

செலவுக் கணக்கு இன்னும் அழகு. அரசு மருத்துவமனையில் ஒருமுறை படுத்தெழுந்தால் சராசரி மருத்துவச் செலவு 4,452 ரூபாய் என்றது 2017-18இன் தேசிய மாதிரி ஆய்வு. பத்துக் கட்டில் உள்ள ஒரு வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேருக்கு வெளியில் வாங்கிய மாத்திரைக்கு ஆளுக்கு 500. பத்தாவது ஆளுக்கு ஸ்கேன், ஊசி, அது இது என்று 40,020. கூட்டி வகுத்தால் மிகச்சரியாக 4,452! அந்த வார்டில் 4,452 செலவழித்த ஆத்மா ஒன்றுகூட இல்லை. இடைநிலை எடுத்தால் 500. பத்தாவது ஆள் படுத்திருந்த கட்டிலே மாயம்.

ஆகவே கெட்டிக்கார அதிகாரிக்கு வேலை சுலபம். ஜனங்களின் வருமானத்தைச் சொல்லச் சராசரியை எடு; நாலு கோடீஸ்வரர்கள் மொத்த ஊரையும் தூக்கிவிடுவார்கள். ஜனங்களின் செலவைச் சொல்ல இடைநிலையை எடு. நொடித்துப்போனவர்கள் தாமாகவே உதிர்ந்துவிடுவார்கள். இதற்குப் பெயர் புள்ளியியலாம். முடிச்சவிழ்க்கிறவன் இதைவிட யோக்கியன், அவன் வரைபடம் காட்டுவதில்லை.

ஸ்டீபன் ஜே கூல்ட் என்று ஹார்வர்டில் ஒரு பேராசிரியர். 1982இல் வயிற்றில் அரிய புற்றுநோய். இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்றிருந்ததைப் படித்தார். அப்படியானால் மீதிப் பாதிப்பேர் அதற்கு மேலும் இருக்கிறார்கள், அவர்களின் வால் வலப்பக்கம் வெகுதூரம் நீள்கிறது என்று கண்டுகொண்டார். இருபது ஆண்டு வாழ்ந்தார். அவருக்கு அந்த வால் ஆயுளாக நீண்டது. எங்கள் பக்கத்துப் பத்தாவது கட்டிலுக்கு நீளும் வால் அடகுக்கடை வாசலில் போய் முடிகிறது.

பத்தாவது ஆளை எனக்குத் தெரியும். எங்கள் சித்தி. மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கம்மல் இருந்த துளையில் ஈர்க்குச்சி. இந்தச் சராசரிக் கதையைச் சொன்னேன். இலையை மடக்கி, தூளை வைத்து, நூலைச் சுற்றி முடிக்கும்வரை பேசவில்லை.

"ஏய்யா, ஆயிரம் பீடியில பத்து சொத்தையா இருந்தா கம்பெனிக்காரன் ஆவரேஜா பாக்கான்? அந்தப் பத்தையும் ஒண்ணொண்ணாப் பொறுக்கிக் கழிச்சிட்டுல்லா கூலியப் போடுதான்" என்றாள்.