திரை தாங்கு மரபுகள்: ஒரு வரலாற்று, ஒப்பீட்டு, ஓரளவு தச்சு ஆய்வு

மேசைக் கணினியின் திரையை எதன்மேல் நிறுத்துவது என்பது குறித்துத் தமிழில் முறையான ஆய்வு வெளிவராதது பெருங்குறை. இக்குறையைச் சுட்டிக்காட்டியதே இக்கட்டுரையின் முதற்பங்களிப்பு. பல ஆய்வேடுகளில் ஒரே பங்களிப்பும் அதுதான். ஆய்வெல்லை: சன்னலுக்கும் பீரோவுக்கும் இடையில் கிடக்கும் ஒரு மேசை. காலவெல்லை: வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அலுவலகம் சொன்னது முதல், பிடரியில் தைலம் தேய்க்கத் தொடங்கியது வரை.

திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும் என்பதில் அறிஞரிடையே பிணக்கில்லை. எதைக் கொண்டு உயர்த்துவது என்பதில்தான் மரபுகள் பிரிகின்றன.

பெட்டி மரபு: திரை வந்த அட்டைப்பெட்டியையே அதற்கு அடியில் வைப்பது. ஐப்பசியில் நமுத்துவிடும்.

செங்கல் மரபு: வீட்டுக்காரர் வந்து பார்க்கும்வரை.

நூல் மரபு: இதுவே செவ்வியல் மரபு. இதன் தொல்வடிவம் டெலிபோன் டைரக்டரி, இன்று வழக்கொழிந்தது. அடுத்தது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். 1924க்கும் 1936க்கும் இடையில் ஆறு தொகுதிகளாக வெளிவந்து, 1939இல் அநுபந்தமும் பெற்ற இப்பேரகராதியை முழுமையாக அடுக்கினால் திரை புருவத்தைத் தாண்டிப் போகிறது. குறைத்து அடுக்கினாலோ, ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கத் திரையை இறக்கி, தொகுதியை உருவி, மறுபடி ஏற்ற வேண்டும். அடிக்கடி தேவைப்படும் தொகுதியை மேலே வைப்பதா, அகராதி பார்ப்பதையே விட்டுவிடுவதா என்பதில் இரு கட்சி உண்டு. பேராசிரியர் பலரும் இரண்டாம் கட்சி.

இவ்விடர் அனைத்தையும் ஒருங்கே தீர்ப்பது முனைவர் பட்ட ஆய்வேடு. ஏ4 அளவு, காலிகோ கட்டு, முகப்பில் பொன்னெழுத்து. எல்லாம் ஒரே நீள அகலம் என்பதால் அடுக்கு ஆடாது. நடுவிலிருந்து ஒன்றை எடுத்துத் தா என்று எவரும் கேட்பதில்லை. தடிமன் போதாதபோது பின்னிணைப்புச் சேர்த்துக்கொள்ளும் வசதி வேறெந்த நூல்வகைக்கும் இல்லை. இவ்வாய்வாளர் பயன்படுத்திய ஏடுகள் நெறியாளர், புறத்தேர்வாளர், பொது வாய்மொழித் தேர்வு ஆகிய மூன்றையும் கடந்தவை. ஆயினும் அவற்றின்மீது உண்மையான அழுத்தம் விழுந்தது ஐந்து கிலோத் திரையை ஏற்றிய அன்றுதான். தாங்கின. “இப்பவாவது ஒரு பிரயோசனம்” என்பது இது குறித்த மதிப்புரை (அம்மா, நேர்ப்பேச்சு).

கை மரபு: மேசை விளிம்பைக் கவ்விக்கொண்டு திரையை அந்தரத்தில் ஏந்தும் மானிட்டர் ஆர்ம். இதன் மூதாதையைத் தேடினால், கார் சஸ்பென்ஷன் பொறியாளரான ஜார்ஜ் கார்வர்டைன் 1932இல் ஸ்பிரிங்குகளைக் கொண்டு சமன்செய்த கையிடம் போய் நிற்போம். ஆங்கிள்பாய்ஸ் மேசைவிளக்கு அதிலிருந்து வந்தது. திரையின் முதுகில் 75 அல்லது 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு துளை இருக்க வேண்டும் என்பது வெசா விதி. தொல்காப்பியத்துக்குக்கூட இவ்வளவு ஒருமித்த உரை கிடையாது.

கைக்குள் இருக்கும் கேஸ் ஸ்பிரிங்கின் வலு திரையின் எடையை விஞ்சினால் திரை தானாக மேலேறும், குறைந்தால் தலைகவிழும். அலன் கீயால் கொஞ்சங்கொஞ்சமாகத் திருகிச் சரிசெய்ய வேண்டும். திரை மாட்டாத வெறுங்கையை அழுத்தி மடக்கிவிட்டுப் பிடியை விட்டால் மோவாயைப் பதம்பார்க்கும் (களஆய்வு). “கேஸா? இதுக்கும் புக் பண்ணணுமா?” என்ற ஐயம் எழுப்பப்பட்டது (அம்மா, சமையலறையிலிருந்து, மிக்சி ஓடாத இடைவெளியில்).

இனி, கிளாம்ப். மேசை மரம் என்றே விற்றவர் சொன்னார். மரத்தூளைப் பசைபோட்டு அழுத்திய பலகை என்பதைக் கிளாம்ப் சொன்னது: திருகை இறுக்க இறுக்க மேல்தாள் முதலில் பிறைபோலக் குழிந்தது, அப்புறம் விளிம்பிலிருந்து தூள் கொட்டியது. மேலும் கீழும் இரும்புத் தகடு கொடுத்துப் பாரத்தைப் பரப்பிய பின்னரே நின்றது.

நின்றபின் முழங்கை பின்னால் மடிந்து சுவரில் இடித்தது. மேசையை ஒரு முழம் முன்னால் இழுத்தோம். பீரோக் கதவு பாதிக்குமேல் திறக்கவில்லை. பட்டுப்புடவைகள் திறவாப் பாதியில் இருந்தன. இதனால் விளைந்த இலக்கியம் பரந்தது (மனைவி, நேரில், மேலது, விரிவாக்கிய பதிப்பு, கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் காலை, அதற்கு அம்மா வழங்கிய அணிந்துரை, ‘அந்தக் கம்பிக்கு இத்தனை ரூபாயா’ எனத் தொடங்குவது, ஒப்புநோக்குக: சித்தி, தொலைபேசி வழி, ஸ்பீக்கரில், இவ்வாய்வாளர் காதுபட). அணிந்துரை வழங்கியவர் மூலத்தை முழுவதும் கேட்டிருந்தார் என்ற வகையில் இது துறைக்குப் புதிது.

ஒரு சிக்கல் எஞ்சுகிறது. பூட்டி முடித்தபின் பொட்டலத்தில் சில திருகுகள் மிஞ்சியிருக்கின்றன. கூடவே வந்த விளக்கத் தாளில் எழுத்தே கிடையாது, படம் மட்டுமே. ஆகவே பாடபேதத்துக்கு வழியில்லை. எனினும் எந்தப் படத்திலும் இத்திருகுகள் இல்லை. இடைச்செருகல் என்று கொள்வதே இவ்வாய்வாளரின் முடிபு. திரை விழும்போது தெரியும் என்பது மாற்றுக் கருத்து (அம்மா, மேலது).