வண்டி எண்ணில் ஒரு பூஜ்யம்

கேள்வி: ரயிலுக்குப் 'பாண்டியன்' என்று அழகான பெயர் இருக்கிறதே, 12637 என்று ஐந்து இலக்கத்தை எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்?

பதில்: மனப்பாடம் வேண்டாம், வாசிக்கத் தெரிந்தால் போதும். சென்னை எழும்பூரிலிருந்து மதுரை போகிற வண்டியும் பாண்டியன்தான், மதுரையிலிருந்து எழும்பூர் வருகிற வண்டியும் பாண்டியன்தான். முன்னது 12637, பின்னது 12638. இதைவிடப் பெரிய வேலை ஒன்றும் அந்த எண்ணுக்கு உண்டு. எந்த வகை வண்டிக்குக் காசு கொடுக்கிறோம் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 2010 டிசம்பர் 20 முதல் ஐந்து இலக்கமுறை வந்தது. பழைய 2637-க்கு முன்னால் ஒரு 1 வந்து உட்கார்ந்தது. 1, 2 என்று தொடங்கினால் தொலைதூர வண்டி. 3, 4, 9 புறநகர் மின்ரயில்கள். 5 பாசஞ்சர், 6 மெமு என்னும் குறுந்தூர மின்ரயில், 7 டெமு என்னும் குறுந்தூர டீசல் ரயில். பூஜ்யம் என்றால் சிறப்பு ரயில். தொலைதூர வண்டிகளில் 12, 22 என்ற தொடக்கம் அதிவிரைவைக் குறிக்கும். சாதாரண எக்ஸ்பிரஸ் என்றால் இரண்டாம் இலக்கம் மண்டலம். தெற்கு ரயில்வேக்கு 6. ஹூப்ளிக்கும் மைசூருக்கும் இடையே ஓடும் ஹம்பி எக்ஸ்பிரஸ் தென்மேற்கு ரயில்வேயைச் சேர்ந்தது. அந்த மண்டலம் 2003-லேயே தனிக்குடித்தனம் போய்விட்டது. ஆனாலும் வண்டி எண் தெற்கு ரயில்வேயின் 6-ஐத் தாங்கிய 16591. பிறந்த வீட்டு இனிஷியலை அது இன்னும் விடவில்லை.

கேள்வி: 12 என்று தொடங்கும் எங்கள் வண்டி ஊருக்கு ஊர் நிற்கிறது. இதுவா அதிவிரைவு? எண் பொய் சொல்கிறதே!

பதில்: எண் பொய் சொல்லவில்லை, 'அதிவிரைவு' என்ற சொல்தான் ஆசை காட்டுகிறது. அகலப்பாதையில் போகவும் வரவும் சராசரி மணிக்கு 55 கிலோமீட்டர் இருந்தால் போதும், அது அதிவிரைவு வண்டி. நிற்கும் நேரமும் அந்தச் சராசரிக்குள் அடக்கம். சென்னை-மதுரை தூரம் ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று முன்பே போய்ச் சேர்ந்தால் தகுதி வந்துவிடும். அட்டவணையில் உள்ள வேகத்தை வைத்துத்தான் இந்தத் தகுதி, அன்றைக்கு வண்டி ஓடிய வேகத்தை வைத்து அல்ல. ஆனால் அந்த இலக்கத்துக்காக இரண்டாம் வகுப்பில் 15 ரூபாயும் படுக்கை வசதியில் 30 ரூபாயும் கூடுதலாகக் கொடுக்கிறோம். காசு வாங்கியபின் அது வாக்குறுதி. தாமதமானால் கேள்வி கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: எண் எப்படி இருந்தால் என்ன? அதே பெட்டி, அதே தண்டவாளம்தானே?

பதில்: கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். பாண்டியனின் தலையிலிருந்த 1 போய் 02637 ஆயிற்று. பெட்டியும் அதேதான், பாதையும் அதேதான், ஆனால் அது சிறப்பு ரயில். பாசஞ்சர் வண்டிகள் திரும்ப வந்தபோது நிலைமை இன்னும் மோசம்: முன்பதிவில்லா எக்ஸ்பிரஸ் சிறப்பு என்று பெயர் சூட்டி, எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கினார்கள். பக்கத்து ஊருக்கு 10 ரூபாய் டிக்கெட் 30 ஆனது. தேவையில்லாத பயணத்தைக் குறைக்கத்தான் இப்படி என்று ரயில்வே விளக்கம் சொன்னது. தொற்று உச்சத்தில் இருந்தபோது அந்த விளக்கம் நியாயம்தான். ஆனால் 2021 நவம்பரில் விரைவு வண்டிகள் பழைய எண்ணுக்குத் திரும்பின. பாசஞ்சரின் பழைய கட்டணமோ 2024 பிப்ரவரியில்தான் திரும்பியது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுக்கு மேல், பூக்கூடையோடு சந்தைக்குப் போகிறவரும் தினக்கூலிக்குப் போகிறவரும் தேவையில்லாத பயணமா செய்தார்கள்? போக இருபது, வர இருபது என்று தினம் 40 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அந்த வண்டி எக்ஸ்பிரஸ் வேகத்தில் போய்விடவுமில்லை. ஆகவே, முன்பதிவில் உங்கள் ஊர் வண்டி பூஜ்யத்தில் தொடங்கினால், பணம் கட்டும் முன் அதே பாதையில் 1-லோ 2-லோ தொடங்கும் வண்டியின் கட்டணத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.